தேஷ்பாண்டே பாண்டியர் அல்லர்: பணிவழிக் குடும்பப்பெயர்களும் ஒலியொப்புமை ஆய்வும்

தமிழ்ப் பெயராய்வில் ஒரு பழக்கம் வேரூன்றி வருகின்றது. வடபுலத்துக் குடும்பப்பெயர் ஒன்றை எடுத்துக்கொள்வது; அதனுள் தமிழ்ச் சொல் ஒன்றின் ஒலி கேட்பதாகக் காட்டுவது; அவ்வொலியின்மேல் ஒரு குடிப்பெயர்வையோ மறைந்துபோன அரசாட்சியையோ கட்டி எழுப்புவது. இவ்வகைக் கட்டுரைகளிலும் கருத்தரங்க உரைகளிலும் மிகுதியாக எடுத்தாளப்படும் பெயர்கள் இரண்டு. ஒன்று குசராத்தியர் பெயராகிய ‘பாண்ட்யா’. மற்றொன்று மராட்டியர் பெயராகிய ‘தேஷ்பாண்டே’. முன்னது பாண்டியர் வடக்கே சென்று தங்கியதன் அடையாளம் என்றும், பின்னது ‘தேசபாண்டியர்’, அதாவது தேயம் ஆண்ட பாண்டியர் என்றும் விளக்கம் தரப்படுகின்றது. கேட்பதற்கு இனிமையான விளக்கம்தான். ஆனால் இவ்விளக்கத்தின் எந்தப் பகுதிக்கும் சான்று இல்லை என்பதோடு, உள்ள சான்றுகள் அனைத்தும் இதற்கு எதிராகவே நிற்கின்றன.

முதலில் குசராத்திப் பெயரை நோக்கலாம். தமிழ் நாளேடுகள் இதனைப் ‘பாண்ட்யா’ என்று நெடில் முதலாகவே எழுதுகின்றன. ஆங்கில எழுத்துவழி வந்த பெயரை மீண்டும் தமிழாக்கியதன் விளைவு இது. குசராத்தி எழுத்தில் இப்பெயரின் முதலுயிர் குறில். ‘பண்ட்யா’ என்பதே அம்மொழியினர் எழுதும் வடிவம். பாண்டியன் என்னும் சொல்லின் நெடில் அப்பெயரில் இல்லை. ஆங்கில எழுத்து குறில் நெடில் வேறுபாடு காட்டாது என்பது தொடக்கப்பள்ளி மாணவர்க்கும் தெரிந்த செய்தி. எனினும் ஒரு நாளேட்டின் ஒலிபெயர்ப்பை மூலச்சான்றாகக் கொண்டு சங்க காலம் வரை பயணம் செய்யும் துணிவு ஆய்வாளர்க்கு வருவது வியப்பிற்குரியது. பண்ட்யா என்பது குசராத்தில் பெரிதும் பிராமணக் குடும்பங்களில் வழங்கும் பெயர். ‘பண்டித’ என்னும் சொல்லின் வழிவந்தது. வட இந்தியாவின் ‘பாண்டே’ என்னும் பெயரும் அச்சொல்லின் கிளையே.

தேஷ்பாண்டே என்னும் பெயர் இதனினும் விரிவாக ஆராயத்தக்கது. இது ‘தொழிற்பெயர்’ அன்றோ எனின், அச்சொல் தமிழ் இலக்கணத்தில் வேறொன்றற்கு உரியதாகிவிட்டமையின் இவண் ‘பணிவழிக் குடும்பப்பெயர்’ என்ற தொடர் ஆளப்படுகின்றது. மராத்தியில் இப்பெயரின் ஒருமை வடிவம் ‘தேஷ்பாண்ட்யா’. ஆகாரத்தில் முடியும் ஆண்பாற் பெயர்கள் அம்மொழியில் பன்மையில் ஏகாரம் பெறும். உயர்வு கருதிய பன்மையும் அவ்வாறே. ஆகவே ‘தேஷ்பாண்டே’ என்பதன் ஏகார ஈறு, தமிழில் கணக்கன் என்பது கணக்கர் ஆவதைப் போன்ற மரியாதைப் பன்மையே. மோல்சுவர்த்தின் மராத்தி அகராதி (1831, இரண்டாம் பதிப்பு 1857) தேஷ்பாண்ட்யா என்ற தலைச்சொல்லின்கீழ், மகால் எனப்படும் வருவாய்ப் பிரிவின் பரம்பரை அலுவலரையே குறிக்கின்றது. கிராண்ட் டஃப் 1826இல் வெளியிட்ட மராட்டியர் வரலாற்றிலும் இவ்வலுவலர் தேஷ்முக்கின் துணையாக இடம்பெறுகின்றார். தேஷ்முக் பர்கணாவின் தலைவர். தேஷ்பாண்ட்யா அதன் கணக்கர். ஊர்நிலையில் பாட்டீல் தலைவராகவும் குல்கர்ணி கணக்கராகவும் இருந்ததற்கு நேரான இணை இது.

தேஷ்பாண்டே என்னும் அதே அலுவலர்க்கு மராத்தி ஆவணங்களில் ‘தேசகுல்கர்ணி’ என்ற மறுபெயரும் உண்டு. ‘பாண்ட்யா’ நிற்கும் இடத்தில் ‘குல்கர்ணி’ வந்து நிற்கின்றது, பொருள் மாறவில்லை. மேலும் வராட் பகுதியில் ஊர்க்கணக்கரையே பாண்ட்யா என்று வழங்கினர். ஆகவே இச்சொல் அப்புலத்தில் எழுத்தறிவுடைய கணக்கரைச் சுட்டும் பணிப்பெயர் என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகின்றது. தேஷ்பாண்டேயைப் பாண்டிய மரபினராக்க விரும்புவோர், ஊர்தோறும் இருந்து குத்தகையும் தீர்வையும் எழுதிய கணக்கர் அனைவரையும் மதுரை வேந்தர் வழியினராக்கியே தீரவேண்டும். அவ்வளவு தூரம் செல்ல எவரும் துணிந்ததாகத் தெரியவில்லை. தேசம் என்னும் முன்னொட்டு இருந்தால்தான் அரச வாசனை வருகின்றது போலும்.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கருநாடகத்தில் பாண்டியர் என்ற பெயருடைய அரசமரபினர் இருந்தனரே. உச்சங்கியிலிருந்து நுளம்பபாடியை ஆண்ட பாண்டியர் கல்யாணிச் சாளுக்கியர்க்கு அடங்கிய குறுநில மன்னராக விளங்கினரே. ஆளுபரும் அப்பெயரைச் சூடினரே என்பது அத்தடை. இது பொருட்படுத்தத்தக்க தடைதான். ஆனால் நுளம்பபாடி என்பது இன்றைய சித்திரதுர்க்கம், தாவணகெரே, பெல்லாரிப் பகுதிகளைச் சார்ந்தது. ஆளுபர் நாடு துளுவக் கடற்கரை. தேஷ்பாண்டே என்னும் பணி வேர்கொண்ட இடமோ புணே முதல் மராத்வாடா, வராட் வரையும், தெற்கே பெலகாவி, தார்வாடு, விசயபுரம், கலபுரகி ஆகிய பகுதிகள் வரையும் பரந்த தக்காண மேட்டுநிலம். உச்சங்கிப் பாண்டியர் அரசியல் அரங்கிலிருந்து மறைந்து பல தலைமுறைகளுக்குப் பின்னரே தக்காணத்துச் சுல்தான்களின் பர்கணா ஆட்சிமுறை நிலைபெற்றது. ஓர் அரசமரபு தன் சொந்த நிலத்தில் இப்பெயரை விட்டுச்செல்லாது, தான் ஆளாத நிலத்தில், தான் மறைந்தபின் உருவான ஒரு கணக்கர் பதவிக்கு மட்டும் விட்டுச்சென்றது என்று கொள்ளவேண்டுமாயின், அதற்குப் பெயரொலிக்கு அப்பாற்பட்ட சான்று ஒன்றேனும் வேண்டும்.

உண்மையில் தமிழ் ஆய்வாளர்க்கு இவ்வகைப் பிழையிலிருந்து காத்துக்கொள்ள வேற்று மொழிச் சான்றே தேவையில்லை. சோழர் கல்வெட்டுகளில் ‘மூவேந்தவேளான்’ என்னும் பட்டம் பெற்ற அலுவலர்கள் எண்ணற்றோர். அவர்களுள் எவரையும் சேர சோழ பாண்டியர் மூவர்க்கும் ஒருங்கே பிறந்தவர் என்று எவரும் எழுதியதில்லை. ‘பல்லவரையன்’ என்ற பட்டம் பெற்றோரெல்லாம் காஞ்சிப் பல்லவர் கொடிவழியினர் அல்லர். முதற்குலோத்துங்கன், விக்கிரமசோழன் ஆகியோர் காலத்தில் வாழ்ந்த நரலோகவீரன் ‘காலிங்கராயன்’ எனப்பட்டான். அவன் கலிங்க நாட்டினன் அல்லன். கரோசிமா, சுப்பராயலு, மட்சுயி மூவரும் 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த்தொகுதி, இயற்பெயர் எது, ஊர்ப்பெயர் எது, பட்டம் எது, பதவி எது எனப் பிரித்துக் காண்பதன் தேவையை நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்த்திவிட்டது. தன் நாட்டுக் கல்வெட்டில் இத்துணைக் கவனம் கொள்ளும் தமிழியல், விந்தியத்தின் அருகே சென்றவுடன் அக்கவனத்தைக் கழற்றி வைத்துவிடுவது ஏன்?

குடும்பப்பெயர் என்னும் அமைப்பே தமிழகத்தார்க்கு அயலாகிப் போனமை ஒரு காரணமாகலாம். 1929ஆம் ஆண்டுச் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயருக்குப் பின் இடுவதைக் கைவிடுமாறு தீர்மானித்தது. அடுத்து வந்த தலைமுறைகளில் தந்தை பெயரின் முதலெழுத்தே போதுமானதாயிற்று. இது பெருமைக்குரிய மாற்றம். ஆனால் இதன் பக்கவிளைவாக, பெயரின் பின்னே எது நின்றாலும் அதனைச் சாதியாகவோ குலமாகவோ மட்டும் படிக்கும் பழக்கமும் ஏற்பட்டது. மராட்டியக் குடும்பப்பெயர் அவ்வாறு படிக்கத்தக்கதன்று. தேஷ்பாண்டே என்னும் பெயர் தேசஸ்தப் பிராமணரிடமும் உண்டு, சாரஸ்வதரிடமும் உண்டு, சந்திரசேனீய காயஸ்தப் பிரபுக்களிடமும் உண்டு. 1660இல் பாவன்கிண்டுக் கணவாயில் சிவாசிக்காகப் போரிட்டு உயிர்துறந்த பாசி பிரபு தேஷ்பாண்டே, இறுதியிற் சொல்லப்பட்ட காயஸ்தப் பிரிவைச் சார்ந்தவர். பாட்டீல் என்ற பெயர் மராட்டியர், குன்பியர், லிங்காயத்தார், சமணர், கோளியர், இசுலாமியர் எனப் பலரிடமும் காணப்படுகின்றது. குசராத்தின் பட்டேல்களுள் பாட்டிதார்கள் மட்டுமன்றி, கோளியரும் பரூச்சுப் பகுதி வோரா இசுலாமியரும் உளர். இனாம்தார் என்ற பெயரைப் பிராமணரும் இசுலாமியரும் ஒருங்கே கொண்டுள்ளனர். ஒரே பெயர் இத்தனை சமூகங்களில் இருப்பதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. பெயர் குருதியின் வழி வரவில்லை; பதவியின் வழி வந்தது.

பதவி எவ்வாறு பெயராயிற்று என்பதையும் அறிதல் வேண்டும். மராட்டிய நாட்டில் ஊர்ப் பணிகள் ‘வத்தன்’ எனப்பட்ட பரம்பரை உரிமைகளாக இருந்தன. வத்தன் என்பது வேலை மட்டுமன்று. அதனோடு இறையிலி நிலமும் விளைச்சலிற் பங்கும் ஊர்ச் சடங்குகளில் முதன்மையும் சேர்ந்த சொத்து. சொத்தாதலின் அது பங்கிடப்பட்டது, அடகு வைக்கப்பட்டது, அரசின் ஒப்புதலோடும் ஊரார் சாட்சியோடும் விற்கவும் பட்டது. பாட்டீல் உரிமையை விலைக்கு வாங்கியவன் பாட்டீல் ஆனான். இத்தகைய நிலையில் குடும்பப்பெயரைக் கொண்டு குலமூலம் தேடுவது, வீட்டின் பெயர்ப்பலகையைக் கொண்டு அவ்வீட்டைக் கட்டியவனின் பாட்டனைத் தேடுவதற்கு ஒப்பாகும். இயற்பெயரும் குடும்பப்பெயரும் ஒருபுறமிருக்கப் பதவியே பெயராய் நிலைத்ததற்கு நானா பட்னவீஸ் (1742–1800) நன்கறிந்த எடுத்துக்காட்டு. அவருடைய பெயர் பாலாசி சனார்தன், குடும்பப்பெயர் பானு. பேசுவா அரசின் கணக்கு அலுவலகத்தைக் கையாண்ட ‘பட்னவீஸ்’ பதவியே வரலாற்றில் அவர் பெயராயிற்று.

பட்னவீஸ் என்னும் சொல்லே வேறொன்றையும் கற்பிக்கின்றது. அது பாரசீகத் தொடர். ‘நவீஸ்’ என்றால் எழுதுவோன். சிட்னீஸ், சப்னீஸ், பாரஸ்னீஸ், போத்னீஸ் எனவரும் மராட்டியப் பெயர்களின் ஈற்று ‘னீஸ்’ இதுவே. முசும்தார், தப்தர்தார், கில்லேதார், போத்தார் முதலியவற்றின் ‘தார்’ என்பதும் பாரசீகம். இப்பெயருடையோர் ஈரானிலிருந்து வந்தனர் என்று எவரேனும் சொல்வாராயின் நகைப்பிற்கு இடமாகும். அவர்களுட் பெரும்பாலோர் மராத்தி பேசும் பிராமணரும் காயஸ்தருமே. 1347இல் தொடங்கிய பாமினி அரசும் அதன்பின் வந்த சுல்தானிய அரசுகளும் பாரசீகத்தை ஆட்சிமொழியாகக் கொண்டிருந்தன. அவ்வாட்சியின் அலுவலகங்களில் எழுதுகோல் பிடித்தோரின் வழித்தோன்றல்கள் அப்பெயர்களைத் தாங்குகின்றனர். வங்காளத்தின் மசூம்தாரும் புணேயின் முசும்தாரும் ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து பெயர் பெற்றோர். வங்காளத்தில் பிராமணர், காயஸ்தர், வைத்தியர், இசுலாமியர் அனைவரும் அப்பெயரைக் கொண்டுள்ளனர். இருசாராரும் உறவினர் அல்லர். பாரசீகத்திற்கு ஒத்துக்கொள்ளும் இவ்வெளிய நீதியைத் தமிழுக்கும் ஒத்துக்கொள்வதில் தயக்கம் எதற்கு?

பணிவழிப் பெயர்களின் பரவலை விளக்கக் ‘கரணம்’ என்ற சொல்லைப் போலப் பயன்படத்தக்கது பிறிதொன்றில்லை. எழுத்தர், ஆவண அலுவலகம் என்னும் பொருள்களில் வடமொழியில் வழங்கிய இச்சொல் இந்தியத் தீவக்குறை முழுவதும் பரவியது. தமிழில் எண்பேராயத்தைத் தொகுத்துரைக்கும் மரபு கரணத்தியலவரை முதலில் வைக்கின்றது. சோழர் கல்வெட்டுகளில் ஆவணம் எழுதிக் கையெழுத்திடுவோருள் கரணத்தான் காணப்படுகின்றான். தெலுங்கில் அது ‘கரணமு’. மராத்தியில் ‘குல்கர்ணி’ என்பதன் பிற்பகுதி. ஒடிசாவில் ‘கரண்’ ஒரு சமூகத்தின் பெயர். தமிழகத்தின் வடபகுதிகளில் கணக்கெழுதும் பணியைப் பரம்பரையாகக் கொண்டோர் ‘கருணீகர்’ எனப்பட்டனர். வள்ளலார் என வழங்கும் இராமலிங்க அடிகள் (1823–1874) அம்மரபிற் பிறந்தவர். ஆக ஒரே சொல் தெலுங்கு நாட்டில் பதவிப்பெயராகவே நின்றது. மராட்டிய நாட்டில் குடும்பப்பெயராயிற்று. ஒடிசாவிலும் தமிழகத்திலும் சமூகப்பெயராயிற்று. இவ்வேறுபாட்டைச் சொல்லின் வேரைத் தோண்டி விளக்கமுடியாது. ஒவ்வொரு நாட்டிலும் பதவி எவ்வாறு வழங்கப்பட்டது, யார் அதனைக் கைக்கொண்டனர், பள்ளிப் பதிவேடும் நில அளவைப் பதிவேடும் மக்களின் பெயரை எவ்வடிவில் கேட்டன என்பவையே விளக்கும். கருணீகர் என்பதனைக் கருணையோடு இணைத்துக் கூறும் விளக்கங்கள் தமிழகத்தில் உலவுவதையும் மறத்தலாகாது. ஒலி மயக்கம் வடவர் பெயரோடு நிற்பதன்று.

குல்கர்ணி என்பதன் முற்பகுதியும் இம்மயக்கத்திற்கு இரையானதே. அதனைக் ‘குலம்’ என்று கொண்டு, குலத்தின் கணக்கர் எனவும் குலப் பெருமையின் காவலர் எனவும் பொருள் கூறுவர். மராத்தி வருவாய் வழக்கில் ‘குள்’ என்பது தீர்வை செலுத்தும் உழுகுடியைச் சுட்டும் சொல். மராட்டியத்தில் குத்தகைச் சட்டத்தை இன்றளவும் மக்கள் ‘குள் காயதா’ என்றே அழைக்கின்றனர். எந்தக் குடி எவ்வளவு நிலம் உழுகின்றது, எவ்வளவு செலுத்தவேண்டும் என்று எழுதிவைத்தவர் குல்கர்ணி. பட்டேல், பாட்டீல் ஆகியவற்றின் கதையும் இத்தகையதே. பரமாரர்களின் பதினோராம் நூற்றாண்டுச் செப்பேடுகள் ஊராரை விளிக்கும்போது ‘பட்டகில’ என்போரையும் சேர்த்து விளிக்கின்றன. அச்சொல்லின் இரட்டித்த டகரம் மராத்தியில் ஒற்றையாகி முன்னுயிர் நீண்டு பாட்டீல் ஆனது, அம்மொழியின் பொது ஒலிமாற்ற விதிப்படியே. (தமிழ் எழுத்து முறையில் வல்லினத்தைக் காட்ட இரட்டித்து எழுதுகின்றோம், மராத்தியில் அங்குள்ளது ஒரே டகரம்.) ஆயிரம் ஆண்டு ஆவணத் தொடர்ச்சியுடைய ஒரு சொல்லைப் பட்டயம் என்றும் பாட்டாளி என்றும் பிரித்துக் காட்டுவோர், அச்செப்பேடுகளைப் பொய்யாக்கிய பின்னரே அவ்வாறு செய்யமுடியும்.

இக்கூற்றுகளைத் திராவிடச் சார்பை மறுப்பதாகக் கொள்வார் உளராயின், அவர்கள் நோக்கவேண்டிய பெயர்கள் வேறு. கோவா, கார்வார் முதலிய கொங்கணக் கடற்கரைப் பகுதிகளில் ‘நாட்கர்ணி’ என்ற குடும்பப்பெயர் உண்டு. வட கருநாடகத்தில் ‘நாட்கௌடா’ உண்டு. தேஷ்பாண்டே எந்த நிலையில் கணக்கரோ அந்த நிலையில் நாட்கர்ணியும் கணக்கர். தேஷ்முக்கிற்கு நாட்கௌடா இணை. இவற்றின் முற்பகுதி ‘நாடு’. ஐயத்திற்கு இடமற்ற திராவிடச் சொல். ‘தேசம்’ எனத் தக்காணத்தின் வடபால் வழங்கிய ஆட்சிப் பிரிவு, தென்பால் ‘நாடு’ என வழங்கியது. இராட்டிரகூடர், சாளுக்கியர் காலக் கன்னடக் கல்வெட்டுகளில் நாட்டுக் காவுண்டரும், பின்னைக் கல்வெட்டுகளில் சேனபோவரும் வருகின்றனர். கன்னட நாட்டு ஊர்க்கணக்கர் ‘சானுபோகர்’ எனப் பெயர் பெற்றது அச்சேனபோவ என்னும் சொல்லிலிருந்தே. தமிழகத்திலோ நாடு என்னும் பிரிவைச் சோழமண்டலம் முழுமைக்கும் வரையறுத்துக் காட்டிய எ. சுப்பராயலுவின் நூல் 1973இலேயே வெளிவந்துவிட்டது. நாடு வகை, நாடு கூறு, நாடு கண்காட்சி என்னும் அலுவலர்களைச் சோழர் கல்வெட்டுகள் குறிக்கின்றன. காவிரிக் கரையின் நாடும் கிருட்டிணைக் கரையின் நாடும் எவ்வாறு ஒத்தன, எவ்வாறு வேறுபட்டன, ஏன் ஓரிடத்தில் அப்பதவி குடும்பப்பெயராக உறைந்தது, மற்றோரிடத்தில் தடமின்றி மறைந்தது என்னும் வினாக்கள் தமிழாய்வாளர்க்காகவே காத்துக்கிடக்கின்றன. பாண்டியனைத் தேடிப் பெயரின் பிற்பகுதியைத் துருவிக்கொண்டிருப்போர், முற்பகுதியில் நின்று அழைக்கும் நாட்டைக் காணாது செல்கின்றனர். தமிழகத்திற்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. அடுத்த அறையிலேயே கன்னடமோ மராத்தியோ ஒடியாவோ கற்பிப்போர் இருக்க, ஒருமுறை கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் பண்ட்யாவின் குறில் தெரிந்திருக்கும். கேளாது எழுதியதை அவ்வாசிரியர்கள் படிக்கும்போது தமிழியல் ஆய்வு முழுமைக்குமே நம்பகம் குறைகின்றது; உண்மையான தொடர்பை நிறுவவரும் நாளைய ஆய்வாளனும் அதே ஐயத்தோடு நோக்கப்படுவான்.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. பணிப்பெயருக்கு அரசமரபு கற்பிக்கும்போது அப்பணியின் உண்மை வரலாறு மூடப்படுகின்றது. பரம்பரைக் கணக்கர் என்போர் உழுகுடிமேல் பெரும் அதிகாரம் உடையோர். நிலம் யாருடையது என்பது அவர்தம் ஏட்டில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்ததாக இருந்தது. அவ்வதிகாரத்தை ஒழிக்க நீண்ட போராட்டம் தேவைப்பட்டது. கோலாப்பூரில் சாகு மகாராசர் 1918இல் குல்கர்ணி வத்தன்களை நீக்கிச் சம்பளம் பெறும் தலாட்டிகளை அமர்த்தினார். பம்பாய் மாநிலம் 1950இல் இயற்றிய சட்டத்தின்வழிப் பர்கணா வத்தன்களும் குல்கர்ணி வத்தன்களும் ஒழிந்தன. மைசூர் மாநிலத்தின் 1961ஆம் ஆண்டுச் சட்டம் 1963இல் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் 1980ஆம் ஆண்டு நவம்பரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் மணியம், கர்ணம் முதலிய பகுதிநேர ஊர்ப் பதவிகளை நீக்கியது. ஆந்திரத்தில் அது 1984இல் நிகழ்ந்தது. தமிழகத்தில் பதவி போனபின் ‘கர்ணம் வீடு’ என்னும் ஊர்ப்பேச்சு வழக்கே எஞ்சியது. மராட்டியத்தில் பதவி போன பின்னும் பெயர் நின்றது. இன்று அப்பெயரைத் தாங்குவோர் கணக்கெழுதுவோர் அல்லர். நின்ற அப்பெயருக்குத்தான் இப்போது பாண்டியர் முடிசூட்டப்படுகின்றனர்.

அதே ஊரில், அதே வத்தன் முறையின்கீழ், மகார் என்னும் மக்களும் பரம்பரைப் பணியினராக இருந்தனர். எல்லை காத்தல், செய்தி சுமத்தல், அலுவலர்க்கு ஏவல் செய்தல் எனப் பகலிரவு பாராத ஊழியம் அவர்களுடையது. அதற்கு ஈடாகக் கிடைத்தது சிறு துண்டு நிலமும் வீடுதோறும் பெறும் தானியமும். பாட்டீல், குல்கர்ணி ஆகியோரின் உரிமையையும் மகாரின் ஊழியத்தையும் 1874ஆம் ஆண்டின் பம்பாய்ப் பரம்பரைப் பதவிகள் சட்டம் ஒன்றே நெறிப்படுத்தியது. அச்சட்டத்தைத் திருத்துவதற்கு அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் முன்வரைவு கொணர்ந்தார். பர்கணாக் கணக்கரின் வத்தன் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. மகாரின் வத்தன் ஒழிய 1958ஆம் ஆண்டின் தனிச்சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. முன்னவருடைய வத்தன் அவர்க்குப் பெருமைக்குரிய குடும்பப்பெயரைத் தந்தது. பின்னவருடைய வத்தன் தந்த பெயரை அவர்தம் மக்கள் பள்ளிப் பதிவேட்டில் குடும்பப்பெயராக எழுத விரும்பவில்லை. பலர் ஊர்ப்பெயரோடு ‘கர்’ என்னும் ஈற்றைச் சேர்த்து எழுதிக்கொண்டனர்.